ஏழு கிலோ பையும் காரைக்கால் பேயும்

30 வருடம் தபால் நிலையக் கவுண்ட்டரில் ஊரார் பார்சலை எடைபோட்டவள் நான். சொந்தப் பையை எடைபோட மறந்துவிட்டேன். கும்பகோணத்திலிருந்து சென்னை போய்ச் சேர்ந்த இரவு, அண்ணன் மகள் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தாள்.

"அத்தை, இது முதுகுப்பை இல்லை. பெட்டிக்கடை."

குளியலறைத் தராசு 11.5 கிலோ காட்டியது. நாங்கள் வாங்கியிருந்த மலிவு விலை விமான டிக்கெட்டில் ஆளுக்கு 7 கிலோதான் கையில் கொண்டுபோகலாம். நள்ளிரவில் கடை கலைந்தது. மின்சாரக் கெண்டி, போர்வை, இரண்டு புடவை, ஒரு கிலோ பருப்புப்பொடியில் முக்கால் கிலோ, "இருக்கட்டும்" என்று எடுத்துவைத்த எல்லாமும் சென்னையிலேயே தங்கிவிட்டன. மூன்று சுடிதார், ஒரு துண்டு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், மாத்திரைகள், ஒரு துணி சோப்பு மிஞ்சின. இரவில் துவைத்துக் காயப்போட்டால் காலையில் உடுத்தக்கூடிய துணியாக இருந்தால் மூன்று செட் போதும். பதினான்கு நாளில் விட்டுவந்த பொருள் எதற்காகவும் ஏங்கவில்லை, பொடியைத் தவிர.

2024 பிப்ரவரியில் தாய்லாந்தும் கம்போடியாவும் போவதாகத் திட்டம். அண்ணன் மகளின் கைபேசியில் 22 இடங்கள் கொண்ட பட்டியல் இருந்தது. என் டைரியில் ஒரே வரி: "பாந்தியாய் ஸ்ரே, அம்மையார்."

சிறுமியாக இருந்தபோது ஆனி மாதம் அம்மா என்னைக் காரைக்காலுக்கு மாங்கனித் திருவிழாவுக்கு அழைத்துப்போவாள். பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். முந்தானையை விரித்துப் பிடிக்க வேண்டும். அழகு வேண்டாம், பேயுரு கொடு என்று இறைவனிடம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார், கடல் கடந்து கம்போடியாவில் பாந்தியாய் ஸ்ரே என்ற கோயில் முகப்பில் சிவன் காலடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று வேலையில் இருந்த காலத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். விருப்ப ஓய்வுப் பணம் வந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

பாங்காக்கில் நான்கு இரவுகள். பெண்களுக்கு மட்டுமான பொது அறை, எட்டுப் படுக்கை, இரண்டடுக்கு. எனக்கு மேல் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். 54 வயதில் இரவு இரண்டு மணிக்கு ஏணியில் இறங்கிக் கழிப்பறைக்குப் போய்வருவது ஒரு தனி யாத்திரை. மறுநாள் கேட்டதும் கீழே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே குறிப்புப் பெட்டியில் எழுதியிருந்தால் முதல் இரவும் தப்பியிருக்கும். அலமாரிப் பூட்டை நாமே கொண்டுபோக வேண்டும் என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது. சின்னப் பூட்டு ஒன்று, காது அடைப்பான் ஒரு ஜோடி. பொது அறையில் தங்குகிறவருக்கு இவ்விரண்டும் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி.

வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். எல்லோரும் பார்ப்பது. எனக்குப் பிடித்தது வேறு. வாட் சுதாட் கோயில் எதிரே சிவப்புத் தேக்கில் உயரமாக ஒரு ஊஞ்சல் சட்டம் நிற்கிறது, ஊஞ்சல் இல்லாமல். 'திரியம்பவாய்' என்ற விழாவில் அதில் ஆடுவார்கள். 1935-க்குப் பிறகு ஆடுவது நின்றுவிட்டது. விழாவின் பெயர் 'திருவெம்பாவை' என்பதன் திரிபு. பக்கத்திலேயே 1784-ல் கட்டிய தேவஸ்தானம், அரச சடங்குகளைச் செய்யும் பிராமணர்களின் சிறிய வெள்ளைக் கோயில். அவர்கள் இன்றும் திருவெம்பாவை அடிகளை, ஒலி வெகுவாக மாறிப்போன வடிவில், ஓதுகிறார்கள். நாங்கள் போன பகலில் ஒரு பூனையைத் தவிர அங்கே யாரும் இல்லை. வாசலில் நின்று "ஆதியும் அந்தமும்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பட்டியலில் அன்று இன்னும் மூன்று இடம் பாக்கி.

சிலோம் தெருவில் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். வேப்பிலைக்காரி இவ்வளவு செவ்வந்தியும் இளநீரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

சைவக்காரர்களுக்கு ஒரு சொல்: 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக அந்தச் சொல் இருந்தால் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. "காய்கறி மட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வாங்கினால் மீன் சாறு தெளித்த காய்கறி வரும். அவர்கள் கணக்கில் அது மசாலாதானே தவிர மீன் இல்லை. முதல் நாள் அப்படி ஒரு தட்டை வாசனை பிடித்துவிட்டு ஒதுக்கினேன். இரண்டாம் நாளிலிருந்து 'ஜே' கைகொடுத்தது.

தாய்லாந்திலேயே இருக்கும் அயோத்தியாவுக்கு (அயுத்தயா) மூன்றாம் வகுப்பு ரயிலில் 20 பாட் (தாய்லாந்து நாணயம்) டிக்கெட். சன்னல் திறந்திருக்கும், காற்று வரும், வாத்து முட்டை விற்கிற அம்மா வருவார். நம் மயிலாடுதுறை பாசஞ்சர் போலவே. அங்கே ஒரு நாள் வாடகை சைக்கிள். நான் சைக்கிள் ஓட்டி இருபது வருடம் ஆகியிருந்தது. நல்ல வேளை, ஊர் முழுக்கச் சமதரை. 1767-ல் பர்மியப் படை எரித்துவிட்டுப் போன தலைநகரம் அது. தலையில்லாத புத்தர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாட் மகாதாட்டில் ஒரு புத்தர் தலையை மரத்தின் வேர்கள் பின்னிப் பிடித்திருக்கின்றன. அதன் அருகே படம் எடுத்துக்கொள்கிறவர், தன் தலை புத்தர் தலையைவிடத் தாழ்வாக இருக்கும்படி குந்த வேண்டும். நின்றுகொண்டே படம் எடுக்கப்போன ஒரு இளைஞரைக் காவலர் விசில் ஊதி உட்காரவைத்தார். ஐந்து நிமிடம் கழித்து எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு விசில் கிடைத்தது.

எல்லையைக் கடந்த கதைக்கு வருகிறேன். பாங்காக்கின் பழைய ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து காலை 5.55-க்குக் கிளம்பும் ரயிலில் கம்போடிய எல்லைவரை போக 49 பாட்தான். மின்விசிறி, மரவள்ளி வயல், ஐந்தரை மணி நேரம். பழைய பயணக் குறிப்பு ஒன்றை நம்பி அரண்யபிரதேட் நிலையத்தில் இறங்கிவிட்டோம். அது தவறு. 2019-லிருந்து அந்த ரயில் இன்னும் ஒரு நிலையம் தள்ளி, பான் குளோங் லுக் என்கிற எல்லையோர நிலையம்வரை போகிறது. அங்கிருந்து நடந்தே எல்லைக்குப் போகலாம். முன்னால் இறங்கிய குற்றத்துக்கு டுக்டுக் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த டுக்டுக் எங்களை எல்லைக்கு அல்ல, ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

கம்போடியக் கொடி, பெரிய பலகை, உள்ளே மேசை, மேசைக்குப் பின்னால் சீருடை மாதிரிச் சட்டை அணிந்த ஒருவர். எங்கள் இ-விசா அச்சுத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது தரைவழிக்குச் செல்லாது, இங்கே முத்திரை வைக்க ஆளுக்கு 1,500 பாட் என்றார். அண்ணன் மகள் முகம் வெளுத்துவிட்டது. பணப்பைக்குக்கூடக் கை போய்விட்டது.

எனக்கு முப்பது வருடப் பழக்கம் முன்னே வந்தது. "ரசீது கொடுப்பீர்களா?" என்றேன், தெரிந்த ஆங்கிலத்தில்.

"ரசீது எல்லையில் தருவார்கள்."

"அப்படியானால் பணமும் எல்லையில் தருகிறேன்."

எழுந்து வெளியே வந்துவிட்டோம். டுக்டுக்காரர் ஒன்றும் நடவாததுபோல் உண்மையான எல்லைக்குக் கொண்டுபோய் விட்டார். 36 டாலர் கட்டி வாங்கியிருந்த இ-விசாவைக் கம்போடிய அதிகாரி அரை நிமிடம் பார்த்தார், முத்திரை குத்தினார், முடிந்தது. விசாவுக்கான அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் காட்டும் தளங்களும் இருக்கின்றன. கட்டணம் இரண்டு மடங்கு கேட்டால் சந்தேகப்படுங்கள். அச்சுத்தாள் இரண்டு பிரதி கையில் இருக்கட்டும். கட்டணம் கேட்கிற எவரிடமும் ரசீது கேளுங்கள். அரசாங்கம் எந்த நாட்டிலும் ரசீது இல்லாமல் காசு வாங்காது. லஞ்சம்தான் ரசீது கேட்டால் கூச்சப்படும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் கடந்த அந்தத் தரைவழி, 2025-ல் இரு நாடுகளுக்கும் மூண்ட எல்லை மோதலில் அடைக்கப்பட்டது. அந்த எல்லைப் பகையில் வெகுகாலமாக அடிபடுவதும் ஒரு சிவன் கோயில்தான்: மலையுச்சியிலுள்ள பிரியா விஹியர். ஆகவே இப்போது போகிறவர்கள் அந்த நேரத்து நிலவரத்தை விசாரித்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அங்கோர் கோயில்களை ஒட்டிய ஊரான சியெம் ரீப்புக்கு நேரே விமானம்தான். புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வண்டிச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்போடியாவில் அமெரிக்க டாலர் சாதாரணமாகப் புழங்குகிறது. சில்லறையை ரியேலில் கொடுப்பார்கள். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000. ஆனால் டாலர் நோட்டு மாப்பிள்ளை வேட்டி மாதிரி இருக்க வேண்டும். சென்னையில் நான் மாற்றிய ஒரு 50 டாலர் நோட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல். சியெம் ரீப்பில் தங்குமிடம், கடை, பணமாற்றுக்காரர் என்று யாருமே அதைத் தொடவில்லை. பணமாற்றுக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு மிட்டாயைத் திருப்பிக் கொடுப்பதுபோல் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அது என்னோடு ஊருக்கே திரும்பி வந்தது. கவுண்ட்டரை விட்டு நகர்வதற்குமுன் ஒவ்வொரு நோட்டாகப் பாருங்கள். கேட்டு ஐந்தும் பத்துமாக வாங்குங்கள்.

தங்குமிடத்தில் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஒரு உதவி கேட்டேன். இறைச்சி, மீன், மீன் சாறு, பிராஹொக் எதுவும் வேண்டாம் என்று ஒரு சீட்டில் கெமர் மொழியில் எழுதித் தரச் சொன்னேன். பிராஹொக் என்பது ஊறவைத்த மீன் விழுது, பல குழம்புகளுக்கு அடிப்படை. அந்தச் சீட்டை ஐந்து நாளும் கடைகடையாக நீட்டினேன். படித்துச் சிரிப்பார்கள், பிறகு சமைப்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியைவிடக் கைப்பட எழுதிய சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

அங்கோர் கோயில் தொகுதிக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. கொடுக்கும்போது கை நடுங்கத்தான் செய்யும். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த மூன்று நாளில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். இது பெரிய வசதி. அந்த வெயிலில் தொடர்ந்து மூன்று நாள் கல்லேறி இறங்கினால் என் வயதுக்காரர்கள் முட்டியை அங்கேயே காணிக்கையாக வைத்துவிட்டு வர வேண்டியதுதான். ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 17, அதிகாலை 4.30-க்கு ரெமோர்க் வந்தது. மோட்டார் சைக்கிள் இழுக்கும் நாலு பேர் வண்டி. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். அண்ணன் மகள் அவரை 'போங்' என்று அழைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். மூத்தவர் என்று பொருள், நம் 'அண்ணா' மாதிரி. அவர் என்னை 'மிங்' என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். அம்மாவின் தங்கை, அப்பாவின் தங்கை, எல்லாம் மிங்தானாம். எங்கே போனாலும் அத்தையாகவே இருக்க என் தலையில் எழுதியிருக்கிறது.

அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். ஆகவே சூரியன் கோபுரங்களின் பின்னாலிருந்து எழும்புகிறது. வடபக்கக் குளக்கரையில் ஆயிரம் கைபேசிகள் தலைக்குமேல் உயர்ந்து நின்றன. நான் சூரியனைப் பார்த்தது முன்னால் நின்றவரின் கைபேசித் திரையில்தான். நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர். நம் பெரிய கோயில் விமானத்தோடு ஏறக்குறையத் தோள் உரசும். அதற்கு நூறு வருடம் பிந்தியது, 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காக எழுப்பியது. ராஜேந்திர சோழனுக்குக் காம்போஜ அரசன் தேர் அனுப்பிய செய்தி கரந்தைச் செப்பேட்டில் இருக்கிறது. தஞ்சைக்காரர்களுக்கு இவர்கள் அந்நியர் அல்லர் என்று எண்ணிக்கொண்டே உள்ளே நடந்தேன்.

பழக்கதோஷம். வாயிலில் நுழைந்ததும் கால் இடப்பக்கம் திரும்பியது. பிரதட்சிணம். சுற்றுத் தாழ்வாரச் சுவரில் முதலில் இலங்கைப் போர். அனுமன் தோள்மேல் ராமன், எதிரே தேரில் இருபது கை ராவணன், குரங்குகள் அரக்கர்களைக் கடிக்கின்றன. அங்கிருந்து வடக்கு, பிறகு கிழக்கு. காலை வெயில் நேராக விழும் நேரம் பாருங்கள், கிழக்குத் தாழ்வாரத்தின் தென்பாதியில் பாற்கடலைக் கடைகிறார்கள்: 49 மீட்டர் நீளச் சுவர், ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் ஆமைமேல் மத்து, மத்தருகே விஷ்ணு. வாசுகியின் உடலைப் பிடித்திருக்கும் கைகள் எல்லாம் ஒரே சீராக. முழங்கால் மடிப்புகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கயிறு நகர்வதுபோலவே தோன்றும். சூரிய உதயக் கூட்டம் காப்பிக் கடைகளுக்குப் போயிருந்தது. தாழ்வாரத்தில் நாங்கள் இருவரும் ஒரு காவலரும் மட்டும்.

தெற்கே திரும்பியபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. சூரியவர்மனின் படை ஊர்வலம் என் எதிரே வந்துகொண்டிருந்தது. யானைகள், குடைகள், கூட்டாளிப் படையான சியாமியர், எல்லோரும் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்போல. இந்தச் சுவரை வலமாகச் சுற்றிப் படிக்கக் கூடாதாம். இடமாக, அப்பிரதட்சிணமாகச் சுற்றி வந்தால்தான் படையோடு சேர்ந்து நடக்கலாம். நம் வழக்கத்தில் அப்பிரதட்சிணம் நீத்தார் சடங்குக்கு உரியது. கோயில் மேற்குப் பார்த்திருப்பதையும் இதையும் சேர்த்துவைத்துத்தான், இது அரசனின் நினைவுக்காகவும் எழுப்பியது என்று சிலர் சொல்கிறார்கள். கையேட்டில் படித்திருந்தால் ஒரு வரித் தகவலாகப் போயிருக்கும். எனக்கு அது பாதத்தில் தெரிந்தது.

தலைகீழாகச் சுற்றியதால் குருட்சேத்திரம் கடைசியில் வந்தது. அம்புப் படுக்கையில் பீஷ்மர். அவர் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

மேல்தளமான பாகானுக்கு ஏறலாம் என்று போனால் படிக்கட்டு மூடியிருந்தது. பௌத்தப் புனித நாளாம். அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை என்று மாதத்தில் நான்கு நாள் பாகானுக்குப் பார்வையாளரை விடுவதில்லை. வீட்டில் கிழிக்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: அன்று மாசி வளர்பிறை அஷ்டமி. பீஷ்மாஷ்டமியை ஒட்டிய நாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. திறந்திருக்கும் நாளிலும் தோளும் முட்டியும் தைத்த துணியால் மூடியிருந்தால்தான் அனுமதி. சால்வையைத் தோளில் போர்த்துக்கொண்டு சமாளிக்க முடியாது. என் சுடிதாருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. மருமகள் முறைக்காரியின் கையில்லாச் சட்டைக்காக 4 டாலரில் ஒரு முழுக்கைச் சட்டை வாங்கினோம்.

தா புரோம், பாயோன் கோயில்கள் இரண்டையும் அன்றே பார்த்தோம். படங்களில் இருப்பதுபோலவே இருக்கின்றன. தா புரோமில் நம் தொல்லியல் துறை பல வருடமாகச் சீரமைப்பு வேலை செய்கிறது. மரம் கோயிலைத் தின்கிறதா தாங்குகிறதா என்று தீர்மானிக்க முடியாத வேலை. வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. வெயில் 34 டிகிரி, நான் மூன்றாவது உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தில் இருந்தேன்.

இரண்டாம் சுற்று 19-ஆம் தேதி. பட்டியல்படி 'பெரிய வட்டம்' என்கிற சுற்றுப்பாதையில் உள்ள கோயில்கள் ஐந்து, பிறகு பாந்தியாய் ஸ்ரே. நான் முதலில் அங்கே போகலாம் என்றேன். "வழியில் இருப்பதை முடித்துவிட்டால் கடைசியில் நிதானமாகப் பார்க்கலாம், அத்தை" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. சியெம் ரீப்பிலிருந்து 37 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. உச்சி வெயில், நான்கு சுற்றுலா பஸ் கூட்டம், கொடி பிடித்த வழிகாட்டிகள்.

கோயில் அவ்வளவு சிறியது. நடு விமானம் 10 மீட்டர்கூட இல்லை. ஆனால் அந்தச் செம்மணற்கல்லில் உள்ளங்கை இடம் வெறுமையாக இல்லை. மரத்தில் செதுக்குவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். கட்டியது அரசன் அல்ல. யக்ஞவராகர் என்ற அரசகுரு, 967-ல். 1923-ல் ஆந்திரே மால்ரோ, பின்னாளில் பிரான்ஸின் கலாசார அமைச்சராக ஆனவர், இங்கிருந்து தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். வழிகாட்டிகள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

கைலாயத்தை அசைக்கும் ராவணனைப் பார்த்தேன். நான்கு அடுக்கு மலை, பயந்தோடும் மிருகங்கள், சிவன் மடியில் ஒட்டிக்கொள்ளும் உமை. பிறகு காண்டவ வனத்தில் மழை பெய்விக்கும் இந்திரன். கூட்டம் தள்ளிக்கொண்டே போனது. படிக்கட்டில் கால் தடுக்காமல் பார்ப்பதா, மேலே பார்ப்பதா? 40 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அம்மையாரைக் காணவில்லை. சிவன் ஆடும் முகப்பைப் பார்த்தேனா என்றால் பார்த்தேன். உச்சி வெயிலில் நிழலே இல்லாத வெறும் சிவப்புக் கல்லாக இருந்தது; கைகள் எத்தனை என்றுகூட எண்ண முடியவில்லை.

இரவு அவள் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நடனமாடும் உருவம் தெரிந்தது. மூலைகள் வெளுத்துப்போயிருந்தன. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் அத்தை கடைசியில் பார்க்கலாம் என்றேன்" என்றாள். நான் பருப்புப்பொடியைப் பிரித்துச் சாதத்தில் போட்டேன். கோபமான நேரத்தில் சாப்பிடத்தான் அதைக் கொண்டுவந்தேன் போல.

பொதுக்கூடத்தில் எங்கள் பேச்சைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு டச்சுக்காரர், என்ன விஷயம் என்று விசாரித்தார். பறவை பார்க்க வந்தவர். விவரம் கேட்டதும் தன் இருகண் நோக்கியை மேசைமேல் வைத்தார். "நாளை மறுநாள் மாலை திருப்பிக் கொடுங்கள். அதற்கு மறுநாள் எனக்கு ஒரு கொக்கு இருக்கிறது."

கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பொருள் இப்போது அதுதான். கேமரா அல்ல. உள்ளங்கை அளவு இருகண் நோக்கி. நல்ல சிற்பமெல்லாம் தலைக்குமேல் மூன்றாள் உயரத்தில்தான் இருக்கிறது. இதைத் தாராசுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு ஆம்ஸ்டர்டாம்காரர் கற்றுத்தர வேண்டியிருந்தது.

21-ஆம் தேதி இருவரும் பிரிந்து போனோம். அவள் பாகான் ஏறினாள். நான் தனியாக ரெமோர்க்கில், விடியுமுன். 7.30-க்குக் கதவு திறந்தபோது எனக்கு முன்னால் இரண்டே பேர். உள்மதிலின் கிழக்கு வாயில் முகப்பு கிழக்குப் பார்த்திருக்கிறது. எழும்புகிற சூரியன் சாய்வாக அதன்மேல்தான் விழுகிறது. இரண்டு நாளுக்குமுன் வெறும் கல்லாக இருந்த இடத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் கிடைத்திருந்தது. எந்தச் சிற்பம் எந்தத் திசை பார்க்கிறது என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டிருந்தால் 19-ஆம் தேதியே முதலில் இங்கு வந்திருப்போம்.

பத்துக் கை. எண்ணினேன். ஆடும் சிவன் முகத்தில் லேசான சிரிப்பு. நோக்கியை மெல்லக் கீழே இறக்கினேன். காலடியில், ஓரத்தில், ஒரு பெண். வற்றித் தொங்கும் மார்பு. ஒடுங்கிய உடம்பு. சுற்றிலும் இத்தனை அழகிய தேவதைகளைச் செதுக்கிய அதே கை, இவளை மட்டும் இப்படிச் செதுக்கியிருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் பலர் இவரைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். எனக்குச் சான்று தேவைப்படவில்லை. என் அம்மா கடைசி வருடத்தில் இப்படித்தான் இருந்தாள், கன்ன எலும்பு முதல். கை ஓய்ந்து நோக்கியை இறக்கும்வரை பார்த்தேன். பிறகு மறுபடி தூக்கினேன். மணி ஒன்பதுக்கு முதல் பஸ் கூட்டம் வந்தது.

திரும்பும்போது, "கிடைத்தாரா?" என்று ஓட்டுநர் சைகையில் கேட்டார். தலையசைத்தேன். யார் அது என்றார். தலையால் நடந்து கைலாயத்துக்குப் போன பெண் என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? இரு கையையும் தரையில் ஊன்றுவதுபோல் காட்டினேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "யோகா?" என்றார்.

பிரியா டாக் கிராமத்தில் வண்டியை நிறுத்தினார். சாலையோரமெங்கும் அடுப்பு, அகன்ற இரும்புச் சட்டிகளில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்குக் கெமர் மொழி தேவையில்லை. சுற்றிலும் பனைமரம். கிண்டிக்கொண்டிருந்த அம்மா அகப்பை நுனியிலிருந்து வழித்து ஒரு துளி கொடுத்தார். இன்னும் இறுகாத பனைவெல்லம், நாக்கில் சுட்டது. வட்ட வட்டமாக வார்த்துப் பனையோலையில் உருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கட்டு ஒரு டாலர். வீட்டுக்கு, அண்ணனுக்கு, எதிர்வீட்டுக்கு, அலுவலகத் தோழிகளுக்கு என்று எட்டுக் கட்டு வாங்கினேன்.

இரவு அண்ணன் மகள் என் பையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல், தன் பையிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, காலியான இடத்தில் நான்கு கட்டு வெல்லத்தை வைத்து மூடினாள்.